மடங்க மறுத்த முட்டி

வலியைக் கண்டு நான் பயந்ததே கிடையாது!

...சரி, பொய். ஊசியோடு வரும் நர்ஸைப் பார்த்தாலே கையைப் பின்னால் ஒளிப்பவன் நான்.

தீபாவளிக்கு முன்னால் சேத்துப்பட்டு ரோட்டில் வண்டியோடு சறுக்கியதில் வலது முட்டியில் விரிசல். இப்போது எலும்பு கூடிவிட்டது, கட்டும் பிரித்தாயிற்று. பிசியோதெரபி பெண் பொறுமையாகத்தான் சொன்னார்:

"தெனமும் மடக்குங்கண்ணா. வலிக்கும், ஆனா ஒன்னும் ஆவாது. மடக்காம உட்டா இறுகிடும். அப்புறம் தறிக்குழில காலத் தொங்கப்போட்டு உக்காந்து நெய்யவே முடியாது."

இவ்வளவில் என் காதில் ஏறியது ஒரே வார்த்தை — வலிக்கும்!

அன்றிலிருந்து சாப்பாடு கட்டிலுக்கு வந்தது. பாத்ரூம் போகவே திட்டம் போட்டேன். மடக்காமலே வலித்தது. மடக்கலாமா என்று நினைத்தால் இன்னும் வலித்தது. நினைப்புக்கும் முட்டிக்கும் நடுவில் ஒயர் இழுத்தது யார்?

தறியில் ஒரு முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது. மிதிகட்டையை மிதிக்கக் கால் வேண்டுமே!

"கல்யாணப் பொண்ணு ஒன் முட்டிக்காகக் காத்துகினு இருக்குமா மாமா?" என்றாள் என் வீட்டுக்காரி சரசு.

"வலி ஒனக்கா, எனக்கா?"

போன வியாழக்கிழமை, அடுத்த புடவைகளுக்கான பாவு நூலைத் தெருவில் இழுத்துக் கட்டியிருந்தோம். தெரு நீளத்துக்கும் பட்டு நூல். நான் வாசலில் சேர் போட்டு, காலை நீட்டி, அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று தூறல். நனைந்தால் நூல் பாழ்!

"ஜல்தி! ஜல்தி!" என்று தெருவே ஓடியது. எல்லோரையும் முந்தி, மண்டி போட்டு, முனைக் கயிற்றை அவிழ்த்தது யார்?

நான்!

பாவு நூலைச் சுருட்டி உள்ளே வைத்த பிறகு சரசு கேட்டாள். "இன்னா ஓட்டம் மாமா! முட்டிய சேர்லயே வச்சிட்டு வந்துட்டியா?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சட்டென்று நொண்டினேன்.

"அது எடது காலு மாமா!"

தெரு சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

வலது முட்டி வலிக்கத்தான் செய்தது, சத்தியமாக. ஆனால் சின்ன வலி. அது கேட்டது ஒரு மூலை வாடகைக்கு... மொத்த வீட்டையும் எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

மறுநாள் தறிக்குழியில் காலை இறக்கினேன். முதல் மிதிக்கு 'அம்மா!' என்றேன். அடுத்த மிதிக்கு...

"ஊருக்குக் கதை சொல்லிகினே குந்தினு இருந்தா பொடவ தானா முடியுமா? எறங்கு மாமா!"

சரசு கூப்பிடுகிறாள், போகிறேன். வலிக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்... கேட்டால் வலிக்கும்!