ஸ்டீமர் பெஞ்சு

என் இடது கெண்டைக்காலில் ஒரு சூட்டுத் தழும்பு இருக்கிறது. உள்ளங்கையில் பாதி இருக்கும். அம்மாவுக்கும் அதே இடத்தில் இருந்தது, சின்னம்மாவுக்கும் இருக்கிறது. எங்கள் தெருவில் எல்லாப் பெண்களின் காலிலும் அதைப் பார்த்து வளர்ந்ததால், வயதுக்கு வந்தால் எல்லோருக்கும் அது வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் மற்ற பெண்களின் கால்கள் வழுவழுவென்று இருப்பதைக் கண்ட பிறகுதான், அது ஸ்டீமர் எங்களுக்கு மட்டும் போட்ட சூடு என்று உறைத்தது.

கடப்பாக்கத்தை ஒட்டி, உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவில் மணல்திட்டில் எங்கள் ஊர். பஸ் ஏற வேண்டுமென்றால் கழியைக் கடக்க வேண்டும். கடப்பதற்கு ஒரே ஒரு மோட்டார் படகு. எந்தக் காலத்திலோ கால்வாயில் நீராவிப் படகு ஓடியதாம். ஸ்டீமர் என்ற அந்தப் பெயரை இந்த டீசல் படகுக்கும் ஒட்டிவிட்டார்கள். முன்பக்கம் தார்ப்பாய்க் கூரை, அதன் கீழே பெஞ்சு. அது ஊர்க்காரர்களுக்கு. பின்பக்கம் இஞ்சின், சூடேறிய புகைக்குழாய், அதை ஒட்டி நிற்கக் கொஞ்சம் இடம். அது காலனிக்காரர்களான எங்களுக்கு. டிக்கெட் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. படகு ஆடும்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. கால் குழாயில்தான் போய் ஒட்டும்.

சின்னம்மா நர்ஸ் ஆனாள். ஊர், காலனி இரண்டு பக்கத்துக் குழந்தைகளுக்கும் அவள்தான் ஊசி போடுவாள். ஊசி போட ஊர்க்காரர்களும் வீட்டுக்குள் கூப்பிடுவார்கள். படகில் மட்டும் அவள் இடம் குழாய் பக்கம்தான். வெள்ளைப் புடவை கரியாகிவிடாமல் சுருட்டிப் பிடித்துக்கொண்டே நிற்பாள்.

ஒரு சித்திரை மாதம், தடுப்பு மருந்து வைத்த ஐஸ் பெட்டியோடு ஏறினாள். பள்ளிக்கூடம் விட்டு நானும் ஏறியிருந்தேன். இஞ்சின் பக்கம் வைத்தால் ஐஸ் உருகி மருந்து கெட்டுவிடும். அவள் யாரையும் கேட்கவில்லை. முன்னால் போய் பெஞ்சில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தள்ளி நின்றார்கள்.

கழியின் நடுவில் ஸ்டீமர்க்காரர் இஞ்சினை அணைத்தார். படகு அவருடையது, ஓட்டுவதும் அவர்தான்.

“எந்திரி நர்சம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல, ஊர்ல என்னியத்தான் கேப்பாங்கோ.”

“பின்னால வெச்சா மருந்து கெட்டுப்பூடும்ணா.”

“பொட்டிய வேணா இங்கயே வெய்யி. நீ பின்னால போ.”

பெட்டி உட்காரலாம், அதைத் தூக்கி வந்தவள் உட்காரக் கூடாது.

கடல் உள்வாங்கும் நேரம் அது. தண்ணீர் படகை முகத்துவாரத்தின் பக்கம் மெதுவாக இழுக்க ஆரம்பித்தது. கரையில் இருந்த பனைமரங்கள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முகத்துவாரத்தில் புரண்ட தோணிகளின் கதையெல்லாம் எனக்குத் தெரியும். சின்னம்மா எழுந்துவிட்டால் போதும் என்றுகூட நினைத்தேன். அவள் பெட்டியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எழவில்லை.

கூடையோடு நின்ற மீன்காரப் பெரியம்மாதான் வாயைத் திறந்தாள். “ஏன்டா, அது குந்துனா படகு முழுகிடுமா? நீ நிறுத்துனாதான்டா முழுகும்.”

யாரோ சிரித்தார்கள். அலைச் சத்தம் கிட்டத்தில் கேட்டதும் அந்த மனுஷன் இஞ்சினைப் போட்டார். சின்னம்மா உட்கார்ந்தபடியே கரை சேர்ந்தாள். மருந்தும் கெடவில்லை.

அவள் போலீசில் புகார் கொடுத்தாள். குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற ஒன்று பல வருஷமாகவே இருந்தது. பொது வாகனத்தில் தீண்டாமை பார்த்தால் குற்றம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. செங்கல்பட்டு கோர்ட்டுக்கு அலையாய் அலைந்தாள். இஞ்சின் ரிப்பேர் என்றார் ஸ்டீமர்க்காரர். அந்த மீன்காரப் பெரியம்மா கூண்டில் ஏறி, அன்றைக்குக் கூடையில் சாய்ந்து தூங்கிவிட்டதாகச் சொன்னாள். சின்னம்மாவின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. ஊரில் அவளிடம் யார் என்ன சொன்னார்களோ. கேஸ் தோற்றது.

தோற்றதோடு விடவில்லை. இன்னொருத்தி வந்து உட்கார்ந்துவிடுவாள் என்ற பயத்தில் ஸ்டீமர்க்காரர் பெஞ்சையே கழற்றி எடுத்துவிட்டார். இனிமேல் எல்லோரும் நிற்க வேண்டும். எங்களை உட்கார விடுவதைவிட தாங்களும் கால் கடுக்க நிற்பது ஊர்க்காரர்களுக்கு மேலாக இருந்தது. கூட்டத்தில் நெருக்கியடித்து நின்றதில், ஒருநாள் ஸ்டீமர்க்காரருடைய மகளின் கால் குழாயில் பட்டு வெந்துபோனது. மறுநாள் குழாயைச் சுற்றிக் கனமாக, சூடு தாங்கும் கல்நார்க் கயிறு கட்டியிருந்தது. அத்தனை வருஷம் எங்கள் தோல் வெந்தபோது கிடைக்காத கயிறு.

நான் அதே செங்கல்பட்டு கோர்ட்டில் இப்போது வக்கீல். அமெரிக்காவில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு வழக்கை ஒருமுறை படித்தேன். நிஜமான நீராவிக் கப்பல். பெண்களுக்கான அறை வெள்ளைக்காரர்களுக்குத்தான் என்று ஒரு கறுப்பினப் பெண்ணை வெளியே நிறுத்தினார்கள். அடிமைமுறை ஒழிந்த கையோடு அவள் மாநிலத்தில் சம உரிமைச் சட்டம் வந்திருந்தது. அதை வைத்து அவள் ஜெயித்தாள். கப்பல் பல மாநிலங்களைத் தாண்டிப் போகிறது, ஒரு மாநிலத்தின் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. அங்கே அது காரணம், இங்கே இஞ்சின் ரிப்பேர். புத்தகத்தை மூடியபோது என் கை காலில் இருந்த தழும்பைத் தடவிக்கொண்டிருந்தது.

இன்று எங்கள் கழிக்கு மேல் பாலம் இருக்கிறது. சின்னம்மா சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் மகன் வீட்டில் இருக்கிறாள். போன மாதம் அவளை மாமல்லபுரம் பக்கம் அழைத்துப் போய், சுற்றுலாப் படகில் ஏற்றினேன். “முன்னால குந்துங்க ஆயா, காத்து வரும்” என்று படகோட்டும் பையன் கைபிடித்து உட்கார வைத்தான். உட்கார்ந்தாள். புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். காலை உள்ளே இழுத்து மடக்கிக்கொண்டாள். இஞ்சின் இருமும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். குழாய் மூடித்தான் இருக்கிறது என்று சொன்னேன். கேட்ட மாதிரி தெரியவில்லை.

நடுவில் பையன் இஞ்சினை அணைத்தான். நாரைக் கூட்டம் சத்தம் கேட்டால் பறந்துவிடுமாம். எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார்கள். சின்னம்மா திரும்பவில்லை. மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

“நான் எந்திரிக்க மாட்டேன்.”