நாற்பத்தாறாவது ரேங்க்

போன செவ்வாய்க்கிழமை, செகண்ட் ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் தேவி அக்கா தன் போனை என்னிடம் நீட்டினார். "இதுல இன்னா எழுதிகீதுன்னு பாத்துச் சொல்லும்மா."

அவர் ஒயரிங் லைன், நான் குவாலிட்டி. இருவரும் குன்றத்தூரில் ஏறி ஒரகடத்தில் இறங்குகிறவர்கள். அவர் மகள் நித்யா பிளஸ் டூ. காலாண்டுத் தேர்வில் பிசிக்ஸ் ஃபெயில், நாற்பத்தாறாவது ரேங்க். வகுப்பில் மொத்தமே நாற்பத்தாறு பேர்.

போனில் இருந்தது ஓர் ஆங்கிலக் கடிதத்தின் படம். அன்று காலை பள்ளியில் அக்கா கையெழுத்துப் போட்டது. 'என் சொந்த விருப்பத்தின் பேரில் மகளுக்கு டி.சி. வாங்கிக்கொள்கிறேன். தனித்தேர்வராக எழுத வைக்கிறேன்...'

படித்துச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "எங்க போடணும்னு காட்னாங்க, போட்டுட்டேன். டெய்லி லைன்ல போடறமே, அது மாறி நெனச்சுகினேன்."

அவரை எப்படிக் குறை சொல்வது? ஷிப்ட் தொடங்கும்போது செக்‌ஷீட் வரும். ஆயில் பார்த்தாச்சு, கிளவுஸ் போட்டாச்சு, சென்சார் சரி... யார் படிக்கிறோம்? இடத்தைக் காட்டினால் கை தானாகப் போய்விடுகிறது. நானும் அப்படித்தான். (எங்கள் மேனேஜர் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கேட்க வேண்டியதை வரிசையாக எழுதிவைத்தேன். பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் நித்யா பெயர் இல்லாமல் போய்விட்டதா? டி.சி. கொடுத்தாயிற்றா? கொடுத்திருந்தால் என்ன செய்வது? மூன்றாவதற்கு எதிரே எதுவும் எழுத முடியவில்லை.

மறுநாள் காலை இருவரும் போனோம். நல்லவேளை, இரண்டுமே நடந்திருக்கவில்லை. பிரின்சிபால் கோபப்படவில்லை; அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நூறு சதவீதத் தேர்ச்சி, அட்மிஷன், பள்ளியின் பெயர் என்று பொறுமையாக விளக்கினார்.

இன்டர்னல் பத்து மார்க்கும் பிராக்டிகலும் போக, மீதியெல்லாம் மார்ச்சில் எழுதப்போவதுதானே, ரேங்குக்கு அதில் ஏது இடம் என்று கேட்டேன். பிறகு இதையும் கேட்டேன்: "நாப்பத்தாறு பேர் இருக்கிற கிளாஸ்ல யாராவது ஒருத்தர் நாப்பத்தாறா வந்துதானே ஆகணும் சார்?"

அக்கா குறுக்கே வந்தார். "விருப்பத்தின் பேர்ல இல்ல சார். எனக்கு விருப்பம் இல்ல. அந்தப் பேப்பரக் குடுங்க."

அரை மணி நேரம் கழித்துக் கொடுத்தார்கள். அக்கா அங்கேயே கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வாசலில் நித்யா நின்றிருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் வகுப்பறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நாப்பத்தஞ்சாவது ரேங்க் காவ்யா, அக்கா. அவங்கம்மாவும் உங்க கம்பெனிதான். நாளைக்கு வரச் சொல்லிருக்காங்க."

அவங்கம்மா எந்த ஷிப்ட் என்று கேட்டேன்.