முப்பத்தெட்டாம் கொண்டை ஊசி வளைவு

இங்கே ஒரே ஒரு வளைவுக்கு மூன்று பலகை வைத்திருக்கிறார்கள். முதல் பலகை வளைவு வருகிறது என்கிறது. இரண்டாவது பலகை வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது. மூன்றாவது, வளைவிலேயே சிவப்பும் வெள்ளையுமாக அம்புக்குறி போட்டுக்கொண்டு நிற்கிறது. அப்படியென்ன பெரிய வளைவு என்று கேட்காதீர்கள். நம் செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்புகிற திருப்பத்தில் பாதிகூட இருக்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வழி காட்ட என்னோடு காரில் வந்த ஜெர்மன்கார நர்ஸ் அந்த இடத்தில் "கவனம், வளைவு!" என்று பதறினாள். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எங்கள் ஊருக்குப் போகிற ரோட்டில் கொண்டை ஊசி வளைவு மட்டும் எழுபது என்று சொன்னேன். அவள் முகம் வாடிப்போனது. "ஐயோ பாவம், யாரும் புகார் கொடுக்கவில்லையா?" என்று கேட்டாள்.

நான் எஸ்தர். கொல்லிமலையில் குண்டனி நாட்டில் பிறந்தவள். ஜெர்மனியின் வட மூலையில், கடலை ஒட்டிக் கிடக்கிற சமவெளியில், வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கவனிக்கிற நர்ஸாக ஆறு வருஷமாக இருக்கிறேன். சின்னக் கார், பின்சீட்டில் மருந்துப் பை, கையில் அலுவலகம் கொடுத்த போன். யார் வீட்டில் என்ன வேலை, அதற்கு எத்தனை நிமிஷம் என்று அந்தப் போன் சொல்லும். ஊசி போட இவ்வளவு, இறுக்கக் காலுறை மாட்டிவிட இவ்வளவு. நேரம் தாண்டினால் கட்டம் சிவப்பாகிவிடும். மலையில் இருக்கிற உங்களுக்கும், என்னைப் போல மலையிறங்கி எங்கெங்கோ போய்விட்டவர்களுக்கும் நான் சொல்ல வந்தது இந்தப் போனைப் பற்றியும் ஜெபத்தைப் பற்றியும்தான். இரண்டும் எனக்குள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் ஜெபம். எங்கள் அம்மாவின் ஜெபம் எங்கே ஆரம்பித்தது தெரியுமா? வாந்தியில். நான் கீழே ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். லீவு முடிந்து என்னைக் கொண்டுபோய் விடுவதற்காக அம்மா பஸ் ஏறினால் நாலாவது திருப்பத்திலேயே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவாள். ஒருநாள் குமட்டலை அடக்க, வளைவுக்கு ஒரு வீடு என்று பெயர் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு வாந்தி வரவில்லை. விடுவாளா? எழுபது வளைவுக்கும் எழுபது வீடு எழுதிவைத்தாயிற்று. எங்கள் ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நாலோ ஐந்தோதான். ஆனால் அம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. கோயில் பூசாரி வீடு இருந்தது, டீக்கடைக்காரர் இருந்தார், அடிவாரத்தில் முதல் வளைவு சேந்தமங்கலத்தில் எங்கள் மிளகை வாங்குகிற பாய் குடும்பத்துக்கு. நம் வீடு எந்த வளைவு என்று கேட்டதற்கு, "நமக்கு வேற யாராச்சும் சொல்லுவாங்க கண்ணு" என்று முடித்துவிட்டாள்.

அம்மாவின் ஜெபத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "ஆண்டவரே, அஞ்சாவதுல பழனியம்மா ஊடு. அவ மவளுக்கு இந்த வருசமாச்சும் ஒரு புள்ளயக் குடுங்க சாமி. ஏனுங்க கண்டக்டரே, அந்த மூட்டைய நேரா வையுங்க, அன்னாசிப்பழம் நசுங்குது பாருங்க. ஆமென்." எனக்கு மானம் போகும். இதெல்லாம் ஒரு ஜெபமா, கவனம் ஓரிடத்தில் நிற்க வேண்டாமா என்று ஹாஸ்டலில் படித்த திமிரில் நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன். சரி சரி என்று கேட்டுக்கொண்டாள். அடுத்த வளைவில், முன்சீட்டுக்காரரிடம் காப்பிக்கொட்டை விலை விசாரித்துக்கொண்டே ஜெபித்தாள்.

பாடம் எடுத்தேனே தவிர, வளைவுக்கு ஒரு வீடு சொல்லி ஜெபிக்கிற பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. இந்தச் சமவெளிக்கு வந்தபோது சொல்லும்படி வளைவே இல்லாமல் எனக்குக் கை உடைந்த மாதிரி இருந்தது. அதனால் கதவுகளை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காரை நிறுத்திவிட்டு, இறங்குமுன் ஒரு நிமிஷம், மலையிலிருந்து ஒரு பெயர். சில வருஷம் இது நன்றாகவே ஓடியது. அப்புறம் என் பட்டியலில் திருமதி யான்சன், இங்கத்திப் பேச்சில் ப்ரௌ யான்சன், வந்து சேர்ந்தார்.

ப்ரௌ யான்சனுக்கு எண்பத்துநாலு வயது. வாழ்நாளெல்லாம் பால் லாரி ஓட்டியவர். கால் வீங்கி வீட்டோடு முடங்கிப்போன கோபத்தை எல்லாம் வருகிற நர்ஸ்களிடம் காட்டுவார். காலுறையில் ஒரு சுருக்கம் இருந்தால் போதும், அன்றைக்கு நான் தொலைந்தேன். கடவுள் பேச்சை எடுத்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். திரைக்குப் பின்னால் இருந்து அவர் தினமும் என்னைக் கவனித்திருக்கிறார். இந்த நர்ஸ் காரில் உட்கார்ந்து என் வீட்டைப் பார்த்து முணுமுணுக்கிறாள், என்னைத் திட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறாள் என்று அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டார். மேலாளர் சின்ன வயதுக்காரர், நல்லவர். என்னைக் கூப்பிட்டு, காரில் யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டார். கடவுளோடு என்றேன். "சொந்தப் பேச்சை வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்ள முடியுமா?" என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன். விடவில்லை. ஜெபத்தைத்தான் விட்டேன். பழியை மேலாளர்மேல் போட ஆசைதான், ஆனால் பொய் சொல்லக் கூடாது. ஒரு வாரம் வீம்புக்கு விட்டேன். அந்த வாரத்துக்குள் அந்த ஒரு நிமிஷத்தை என் சொந்தப் போன் பிடித்துக்கொண்டது. ஹாஸ்டல் தோழிகளின் வாட்ஸ்அப் குழு, யாரோ கேக் செய்கிற வீடியோ, நாளைய வானிலை, தள்ளுபடியில் விற்கிற குளிர்கோட்டு. ராத்திரி ஜெபிக்கலாம் என்றால் முதல் வரியிலேயே கண் சொருகும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நின்றுகொண்டு திங்கட்கிழமை ஷிப்டை நினைப்பேன். ஒருநாள் பார்த்தால், மலையின் பெயர்கள் வாயில் வரவே இல்லை. பயந்துவிட்டேன். ஆண்டவரை மறந்தேனா, ஊரை மறந்தேனா என்று பிரித்துப் பார்க்கக்கூட எனக்குத் தெரியவில்லை. அம்மா போனில், "வளைவெல்லாம் சொல்றியா கண்ணு?" என்பாள். "சொல்றேம்மா" என்பேன். இரண்டு வருஷம் இப்படிச் சொன்னேன்.

போன லீவுக்கு வந்தபோது அம்மா சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தாள். சர்க்கரை மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை இறங்குகிறவள், அந்த நாளை என் வருகைக்கு மாற்றி வைத்திருந்தாள். இளைத்திருந்தாள். இருவரும் மலைக்கு பஸ் ஏறினோம். அடிவாரம் தாண்டி முதல் திருப்பம் வருமுன் என் கையைத் தட்டினாள்.

"கண்ணுல பொர வுழுந்திருச்சு, பலவ மங்கலாத் தெரியுது. நீ நம்பரப் படிச்சு ஊட்டுப் பேரயும் சொல்லு. நான் ஆமென் போடறேன்."

பலகைகளைப் படிக்க ஆரம்பித்தேன். ஒன்று, பாய் குடும்பம். இரண்டு, மூன்று, நாலு, தட்டுத்தடுமாறி வந்தது. அஞ்சு பழனியம்மா. பதினொன்று வரை எப்படியோ ஒப்பேற்றினேன். பன்னிரண்டாம் பலகை வந்தது. பஸ் திரும்பியது. என் வாயில் ஒன்றும் வரவில்லை. அம்மா ஆமென் சொல்வதற்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பதிமூணு" என்று அடுத்த பலகையைப் படித்தேன். அங்கிருந்து நான் நம்பரை மட்டும் படிக்க, பெயரை அம்மாவே சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவில் கண்டக்டரிடம் மிளகு விலை கேட்டாள், என் கழுத்தில் சங்கிலி எங்கே என்று கேட்டாள், சன்னலைச் சாத்தச் சொன்னாள். ஜெபம் மட்டும் ஒரு வளைவில்கூட விட்டுப்போகவில்லை.

"முப்பத்தெட்டு" என்று படித்தேன்.

"ஆண்டவரே, முப்பத்தெட்டுல யான்சம்மா. அந்தம்மாவுக்குக் கால் வீக்கம் வத்தோணும். வாயும் கொஞ்சம் அடங்கோணும். எம்புள்ளய வையாம இருக்கோணும். ஆமென்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். "யாரும்மா யான்சம்மா?"

"நீதான போன்ல சொன்ன? லாரி ஓட்டுன அம்மா. பாவம், ஒண்டிக்கட்ட. அந்த வளைவுக்காரங்க ஊட்டக் காலி பண்ணிட்டு ஓசூருப் பக்கம் போயிட்டாங்க. எடஞ் சும்மாதான கெடந்துச்சு."

ப்ரௌ யான்சன் வீட்டு வாசலில் உட்கார்ந்து நான் அவருக்காக ஒருநாளும் ஜெபித்ததில்லை. மலைக்காரர்களுக்காக ஜெபித்தேன், பிறகு அதையும் விட்டேன். அவர் கதவை எனக்கு ஒரு மைல்கல்லாக வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவரை ஒருமுறைகூடப் பார்க்காதவள், பேரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவள், மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் போக ஒருமுறை வர ஒருமுறை அவருடைய காலுக்காகக் கெஞ்சியிருக்கிறாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அம்மா, நான் ஜெபிச்சு ரெண்டு வருசமாச்சு. உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

"பன்னெண்டுலயே தெரிஞ்சுபோச்சு கண்ணு."

"திட்ட மாட்டியா?"

"திட்டிட்டு இருந்தா முப்பத்தொம்போது போயிரும். நம்பரப் படி."

படித்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு படித்தேன். நாற்பத்திரண்டு வரை ஒழுங்காகப் போனது. நாற்பத்துமூன்றில் அம்மாவுக்கு இருமல் வந்தது. எனக்கு உடனே சிரிப்பு வந்துவிட்டது. அந்த இருமல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நாற்பத்துமூன்று, சின்னராசு. அப்பா இறந்த வருஷம் எங்கள் காட்டு எல்லைக் கல்லைப் பிடுங்கி நாலு முழம் உள்ளே தள்ளி நட்டவர். அவரை எழுபதில் ஒன்றாகச் சேர்த்ததும் அம்மாதான், அந்த வளைவு வரும்போதெல்லாம் இருமுவதும் அம்மாதான்.

"இன்னுமா?" என்றேன்.

"வரமாட்டேங்குதுடி. நானும் பாத்துட்டேன். தொண்டையிலயே நிக்குது."

எனக்கு என்ன தோன்றியதோ, நான் சொன்னேன். "ஆண்டவரே, நாப்பத்திமூணுல சின்னராசு மாமா ஊடு. அவங்களுக்குச் சொகம் குடுங்க." இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து தானாக வந்த ஜெபம் அது. அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் முழுவதும் திரும்பி முடித்த பிறகு, யாருக்கோ கடனுக்குச் சொல்கிற மாதிரி, "ம், ஆமென்" என்றாள்.

லீவு முடிந்து திரும்பி வந்தேன். இப்போதும் என் மனம் அலையத்தான் செய்கிறது. போன் அதிர்கிறது, கட்டம் சிவப்பாகிறது, ஜெபத்தின் நடுவில் வீட்டில் தயிர் தீர்ந்துவிட்டது ஞாபகம் வருகிறது. முன்பெல்லாம் இதனாலேயே, சே, இது ஒரு ஜெபமா என்று விட்டுவிடுவேன். இப்போது தயிரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன். ஒரு கதவில் தவறினால் அடுத்த கதவு இருக்கிறது. ஒரே ஒரு மாற்றம் செய்தேன். வாசலில் மலைக்காரர் ஒருவர் பெயர், கூடவே கதவுக்குப் பின்னால் இருப்பவர் பெயர். நிமிஷத்துக்குள் முடித்துவிடுகிறேன்.

முதல் நாள் ப்ரௌ யான்சன் வீட்டு வாசலில் என் உதடு அசைந்தபோது ஜன்னல் திரையும் அசைந்தது. சரி, இன்றைக்குப் புகார்தான் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். காலுறையை மாட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களைத் திட்டவில்லை, ஜெபித்தேன் என்றேன். எங்கள் மலை ரோட்டின் எழுபது வளைவில் ஒன்று உங்களுடையது, என் அம்மா ஒவ்வொரு முறையும் அங்கே உங்கள் காலுக்காக வேண்டுகிறாள் என்றேன். வாயைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"எத்தனையாவது வளைவு?"

"முப்பத்தெட்டு."

"எழுபதிலா?"

"ஆமாம்."

"இடமா, வலமா?"

எனக்குத் தெரியவில்லை. நம்பரைப் படித்தேனே தவிர பஸ் எந்தப் பக்கம் திரும்பியது என்று யார் பார்த்தார்கள்? லாரி ஓட்டியவர் விடுவாரா, பதிலுக்குக் காத்திருந்தார். அலுவலகப் போனில் கட்டம் சிவப்பாகிவிட்டது. அதை மேசையில் கவிழ்த்துவிட்டு, என் போனை எடுத்து, வேலை நேரத்தில், சொந்தப் பேச்சுப் பேசினேன். மலையில் அப்போது மதியச் சோற்று நேரம். விஷயத்தைக் கேட்ட அம்மா, ஜெர்மனிக்கே கேட்கட்டும் என்று கத்தினாள்.

"ஏறுனா வலது, எறங்குனா எடதுன்னு சொல்லு கண்ணு!"

சொன்னேன். ப்ரௌ யான்சன் இரண்டு கைகளையும் தூக்கி, இல்லாத ஒரு பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்தார். முதலில் வலப்பக்கம் மெதுவாகத் திருப்பினார். பிறகு இடப்பக்கம். "நீ இப்போது எந்தப் பக்கம் போகிறாய்?" என்று கேட்டார். அவர் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு, நான் ஏறிக்கொண்டிருக்கிறேனா இறங்கிக்கொண்டிருக்கிறேனா என்று சொல்லத் தெரியவில்லை. போனில் அம்மா இன்னும் லைனில்தான் இருந்தாள், அடுத்த வளைவின் நம்பரைப் படிக்கச் சொல்லிக்கொண்டு.