உல்போல்சின் விட்ட இரண்டு எழுத்து

உல்போல்சின் என்றால் கசாக் மொழியில் ‘ஆண்பிள்ளை ஆகட்டும்’ என்று அர்த்தம். நாலாவதும் பெண்ணாகப் பிறந்த குற்றத்துக்குப் பெற்றவர்கள் விதித்த தண்டனை. நம்மூர்ப் போதும்பொண்ணுக்கு ஒன்றுவிட்ட அக்காள். வேண்டுதல் பலித்ததா என்றால், ஐந்தாவதும் பெண்.

ஆரல் பாலைவனத்து ரயில் நிலையம் ஒன்றில் வண்டி வருகையை ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. வீட்டில் அவளே பற்றவைத்த வானொலிப் பெட்டி. கூரைமேல் மீன்முள் மாதிரி ஆன்டெனா. அதில் ஜப்பானோடு பேசினாள், பிரேசிலோடு பேசினாள். அங்கே யாரும் பெயரைக் கேட்பதில்லை, அழைப்புக் குறியைத்தான் கேட்பார்கள். அவளுக்கு அது போதும். ஊர் மட்டும் அவளைக் ‘கம்பியோடு பேசுகிறவள்’ என்றது. உள்ளூர்ப் பையன் பெய்பித் விண்வெளி நிலையத்துக்குப் போன பிறகுதான் ஊருக்கு அவள் வீட்டு வாசல் கண்ணில் பட்டது.

பெய்பித் மேலே சுற்றிக்கொண்டிருக்கையில், நகரத்தில் அவன் மனைவிக்கு மூன்றாவது பெண் பிறந்தது. பெயர் வைப்பது தாத்தா ஜப்பாரின் உரிமை. ஒட்டகம் மேய்க்கும் அவரோ, “எம் மகன் தன் வாயால எங்கிட்ட கேக்கட்டும். டிவியில பேசறவன் அவன்தான்னு யாரு கண்டா?” என்று பதினெட்டு நாளாக அசையவில்லை. மனதில் வைத்திருந்த பெயர் என்னவோ ஊருக்கே தெரியும். மூன்றாவது பெண்ணுக்கு வேறென்ன? உல்போல்சின்தான்.

கம்பியோடு பேசுகிறவள் விண்வெளித் துறைக்கு எழுதிக் கேட்டு, காத்திருந்து, அப்பனும் மகனும் பேச ஒரு வியாழக்கிழமை பதினொன்று பத்துக்கு நேரம் வாங்கினாள். விண்வெளி நிலையம் ஊருக்கு மேலே ஒன்பது நிமிடம் இருக்கும்.

“அங்க காத்தே இல்லையாமே? பேச்சு எதைப் புடிச்சுட்டு வரும்? பாதி வழியில விழுந்துடாது?” என்றார், அன்று அவள் வீட்டுப் பெட்டி முன் வந்து உட்கார்ந்த ஜப்பார்.

“பேச்சு வரலை, அகா. நிலையத்துக்குள்ள காத்து இருக்கு, அவன் பேசறான். மைக் அதை அலையாக்கி அனுப்புது. வெயிலு எந்தக் காத்தைப் புடிச்சுட்டு வருது? இதுவும் அதே சாதி. இங்க இந்த ஸ்பீக்கர் நம்ம காத்தை ஆட்டித் திரும்பப் பேச்சாக்கும்.”

“வெயிலு என்னிக்காவது பதில் பேசிச்சா?”

“அகா, அந்தப் பேரு வேண்டாமே. ஐம்பத்திரண்டு வருசமாச் சுமக்கறேன்.”

“உனக்கென்ன கொறச்சல்? வானத்தோடயே பேசறே!”

இரைச்சலுக்குள்ளிருந்து, “அப்பா?” என்றது பெட்டி. ஜப்பாரின் கை மைக்கை ஒட்டகக் கயிறு மாதிரி இறுக்கியது. முறைப்படி ஆரம்பித்தார்: கால்நடை சுகமா, உடம்பு சுகமா, கூட இருக்கிறவங்க சுகமா...

“பொத்தானை விடுங்க, அகா! அமுக்கிட்டே இருந்தா அவன் பேசறது கேக்காது.”

“விட்டா போயிடுவானே!”

“விட்டாத்தான் வருவான்.”

விட்டார். “எனக்கிங்க கால்நடை ஏதுப்பா?” என்று சிரித்தான் மகன். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அமுக்கி, ஒட்டகங்களை ஒவ்வொன்றாக விசாரிக்க வைத்தார். ஏழு நிமிடம் போயிற்று.

“அப்பா, உங்க பேத்திக்குப் பேரு சொல்லுங்க. அவ அம்மாவுக்கு எழுதி அனுப்பணும்.”

சொன்னார். நிலையம் அடிவானத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. “இரைச்சல்ப்பா, காதுல விழலை. எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க!”

எழுத்துக்கு ஒரு ஆள் பெயர் சொல்லிக் கூட்டுவது வானொலிக்காரர்கள் வழக்கம். கிழவருக்கு அது ஏது? மைக் அவள் கைக்கு வந்தது. உலியானா, லியனீத் என்று தொடங்க வேண்டும். ‘உல்’, அதாவது ‘ஆண்பிள்ளை’ என்ற பாதி, அந்த இரண்டு பேர்தான். இருபது வினாடி இருந்தது. நாலைந்து அந்த யோசனையிலேயே போனது.

“போரிஸ். ஓல்கா. லியனீத். செமியோன். யெரி. நிகோலாய்.”

“போல்சினா? போல்சின்! நல்லா இருக்குப்பா!” என்றது வானம். அப்புறம் வெறும் இரைச்சல்.

“யாரு அந்த ஆறு ரஷ்யனுங்க?” என்றார் ஜப்பார்.

“எழுத்துங்க, அகா. டீ குடிங்க.”

அடுத்த வாரம் பிறப்புச் சான்றோடு நடைமேடைக்கே வந்துவிட்டார். “போல்சின்னு போட்டிருக்கான். ‘ஆகட்டும்’! என்ன ஆகட்டும்? ஆண்பிள்ளை எங்க?”

“நீங்கதானே சொன்னீங்க, அங்க காத்தே இல்ல, பாதி வழியில விழுந்துடும்னு. ரெண்டு எழுத்து விழுந்திருக்கும்.”

ஜப்பார் அவளைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். காகிதத்தை நாலாக மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

“கனமான எழுத்தாத்தான் இருந்திருக்கும்,” என்றார்.