பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீர்

பொள்ளாச்சி என்றொரு நாடு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் பொள்ளாச்சியைத் தனி நாடாக்கிவிட்டேன்.

கோயம்புத்தூரில் ஏற்றுமதி ஆவணங்கள் தயாரித்துக் கொடுக்கும் சின்ன அலுவலகம் அது. பி.காம். முடித்த கையோடு, கோட்டைமேட்டு வீட்டிலிருந்து நடந்தே போய்ச் சேர்ந்தேன். ஒரு இன்வாய்ஸைக் கொடுத்து டைப் செய்யச் சொன்னார்கள். 'கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்' என்ற கட்டம் வந்தது. சரக்கு தேங்காய் நார். அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா? பெருமையாக 'பொள்ளாச்சி' என்று அடித்தேன்.

மேனேஜர் வரதராஜன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏம்மா நூர்ஜஹான், பொள்ளாச்சிக்கு எப்பம்மா சுதந்திரம் கெடச்சுது? ஒரு வார்த்தை சொல்லலையே?"

அதற்குப் பிறகு பல வருஷங்கள், அந்த அலுவலகத்தில் யார் பொள்ளாச்சிக்குக் கல்யாணத்துக்குப் போனாலும், "பாஸ்போர்ட் எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் லீவு கொடுப்பார்கள்.

இன்று கருத்தரங்குகளில் என் பெயருக்குக் கீழே 'சர்வதேச வணிகம், நீடித்த வளர்ச்சி வல்லுநர்' என்று போடுகிறார்கள். மேடையில் எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் வெளிநாட்டில் வணிகச் சட்டம் படித்தவர். அந்தப் பக்கம் இருப்பவர் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அவர்களை அறிமுகம் செய்ய ஒரு பக்கம் வாசிக்கிறார்கள். என்னை அறிமுகம் செய்யும் பெண் நாலு வரியில் முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறாள். கல்லூரிப் பிள்ளைகள் அதற்குப் பிறகு என்னிடம் வந்து, "இதுக்கு என்ன கோர்ஸ் படிக்கணும் மேடம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வல்லுநர் ஆன கதை ரொம்பச் சுருக்கமானது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் ஆரம்பத்தில் விலையும் தேதியும் மட்டும் கேட்டார்கள். பிறகு, உங்கள் தொழிற்சாலையில் குழந்தைகள் வேலை செய்கிறார்களா, கழிவுநீர் எங்கே போகிறது என்றெல்லாம் கேட்கத் தொடங்கினார்கள். மில் ஓனர்களுக்கு அந்தக் கடிதங்கள் பிடிக்கவில்லை. எங்கள் மேனேஜருக்குப் புரியவில்லை. பதில் எழுத ஆள் வேண்டும். இங்கிலீஷ் தெரிந்த பொம்பளைப் பிள்ளை என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள். பார்க்காமல் எப்படி எழுதுவது என்று நான் மில்லுக்குப் போகக் கேட்டேன். அப்படிப் போக ஆரம்பித்தவள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். நடுவில் சில பயிற்சிகள், சில சான்றிதழ்கள். கேள்வி வந்த நேரத்தில் பக்கத்தில் வேறு யாரும் இல்லாததால் வல்லுநர் ஆனவர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர். வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

கழுவிய தூள்

சில வருஷங்களுக்கு முன் உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஒரு நார் மில்லுக்கு ஆடிட் செய்யப் போனேன். ஓனர் பெயர் செந்தில்நாதன். நல்ல உழைப்பாளி, கொஞ்சம் முன்கோபி.

தேங்காய் மட்டையை அடித்து நாரை எடுத்தபின் கீழே ஒரு தூள் விழும். தொழிலில் அதற்குப் 'பித்' என்று பெயர். ஒரு காலத்தில் அதை ரோட்டோரம் கொட்டி எரித்தார்கள். இன்று அதைக் கட்டியாக அழுத்தி ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கண்ணாடிக் குடிலுக்குள் தக்காளி வளர்க்க மண்ணுக்குப் பதில் இதுதான். அந்த ஊர்ச் சதுப்பு நிலங்களைச் செடி மண்ணுக்காக வெட்டாமல் காப்பாற்றும் பொருள் என்று பாக்கெட்டின் மேல் பச்சை இலைப் படம் வேறு இருக்கும்.

ஆனால் இந்தத் தூளில் இயல்பாகவே உப்பு இருக்கிறது. உப்பைக் காட்டும் அளவுக்கு 'இசி' என்று சொல்வார்கள். பையர் 'லோ இசி' கேட்பார். அதற்குத் தூளைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவிய தூள் கப்பலேறிவிடும். கழுவிய தண்ணீர் எங்கே போகும்? அதைப் பார்ப்பதுதான் என் வேலை.

செந்தில்நாதனுக்கு அந்த ஆடிட் பெரிய விஷயம். நெதர்லாந்து பையர் ஒருவர் ஒரு வருஷத்துக் கான்ட்ராக்ட் தருவதாகச் சொல்லியிருந்தார். அதை நம்பிக் கடன் வாங்கிப் புது பிரஸ் மெஷின் இறக்கியிருந்தார் செந்தில்நாதன். என் ரிப்போர்ட் சரியாக இருந்தால்தான் கையெழுத்து.

மில்லில் குறை சொல்ல ஒன்றுமில்லை. களம் சுத்தம், ஆட்களுக்கு மாஸ்க், கழிவறை எல்லாம் ஒழுங்கு. கழுவிய தண்ணீர் ஒரு மண் குட்டையில் நின்றது. கறுப்பு டீ நிறம். "வெயில்ல காஞ்சு போயிருமுங்க மேடம்" என்றார் செந்தில்நாதன். காயும்தான். மண்ணுக்குள் இறங்காது என்று யார் சொன்னது?

கலர் பாட்டில்

ஆடிட்டில் அக்கம்பக்கத்தாரையும் கேட்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. பக்கத்துத் தோட்டம் யாருடையது என்று விசாரித்தேன். செந்தில்நாதனின் அக்கா ருக்குமணியை அந்தத் தோட்டத்தில்தான் கட்டிக் கொடுத்திருந்தது. வீட்டுக்காரர் கந்தசாமி. செந்தில்நாதன் தன் டிரைவர் முருகேசனோடு என்னை அங்கே அனுப்பிவைத்தார். முருகேசன் கந்தசாமிக்குப் பங்காளி முறை.

"வாங்க அம்மணி, உக்காருங்க" என்றார் கந்தசாமி. விசிறியைப் போட்டார். மரியாதைக்குக் குறைவில்லை.

"மில்லுனால உங்களுக்கு ஏதாச்சும் தொந்தரவு இருக்குதுங்களா?"

"ஒரு தொந்தரவும் இல்லீங்க. மாப்பிள்ளை மில்லுங்க. நம்ம மில்லு மாதிரி."

"கெணத்துத் தண்ணி எப்படி இருக்குதுங்க?"

"தென்னைக்குப் பாயுதுங்களே. மரம் எப்படி இருக்குது, நீங்களே பாருங்க."

மரங்கள் பச்சையாகத்தான் இருந்தன. தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும். அவர் பொய் சொல்லவில்லை; கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லவில்லை.

அப்போது ருக்குமணி உள்ளேயிருந்து வந்து என் கையில் ஒரு கலர் சோடா பாட்டிலைக் கொடுத்தார். மூடி திறக்காத பாட்டில்.

இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும். வாசலேறி உட்கார்ந்ததும் முதலில் வருவது ஒரு சொம்புத் தண்ணீர். காபி, மோர், இளநீர் எல்லாம் அதற்குப் பிறகு. எதிரியாக இருந்தாலும் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார்கள். இங்கே சொம்பு வரவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. தலையில் முக்காடு போட்டிருக்கிறேன். தங்கள் சொம்பை என் கையில் கொடுக்க மனசில்லை போல என்று நினைத்தேன். அந்த நினைப்பு வானத்திலிருந்து குதித்ததல்ல. வேறு ஊர்களில், வேறு வீடுகளில் எனக்கு அது நடந்திருக்கிறது. பாட்டிலைத் திறக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு, சீக்கிரம் கிளம்பிவிடலாம் என்று எழுந்தேன்.

வெளியே முருகேசன் காரில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் கையிலும் அதே கலர் பாட்டில்.

பங்காளிக்கு எதற்குக் கலர் பாட்டில்? நங்கென்று தலையில் குட்டியது போலிருந்தது. திரும்பி வீட்டைப் பார்த்தேன். சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் கடையில் வாங்கிய தண்ணீர்க் கேன்கள் வரிசையாக நின்றன. கிணறு உள்ள தோட்டத்தில் கேன் தண்ணீர்! கேனைச் சாய்ப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் கலர் வந்திருக்கிறது போல.

"கை கழுவிக்கறேனுங்க" என்று சொல்லி, கிணற்றுத் தண்ணீர் ஏறும் தொட்டிப் பக்கம் போனேன். ருக்குமணி, "அந்தக் கொழாய் வேண்டாமுங்க" என்று பின்னாலேயே ஓடி வந்தார். அதற்குள் திறந்துவிட்டேன். லேசான டீ நிறம். பையிலிருந்த இசி மீட்டரை வைத்துப் பார்த்தேன். குட்டையில் நான் பார்த்த அளவுக்கு இது தம்பி முறை.

ருக்குமணி என் முகத்தைப் பார்த்தார். "யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க அம்மணி. கூடப் பொறந்தவன் இப்பத்தான் தலையெடுக்கறான்" என்றார்.

அக்கா வீட்டில்

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நான் எழுதாவிட்டால் அந்தக் கிணறு இன்னும் கெடும். எழுதினால், அக்காவே தம்பி பிழைப்பைக் கெடுத்தாள் என்று ஊர் பேசும். அந்தம்மா வாயே திறக்கவில்லை என்று நான் யாரிடம் போய் நிரூபிப்பது?

ரிப்போர்ட் எழுதும் முன் செந்தில்நாதனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மில் ஆபீசில் உட்கார்ந்து சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"எங்கக்கா சொல்லுச்சுங்களா?"

"இல்லீங்க."

"மச்சான் சொன்னாருங்களா?"

"அவரும் இல்லீங்க. உங்க மில்லு நம்ம மில்லு மாதிரின்னு சொன்னாரு."

"பின்ன என்னங்க? கெணத்துக்காரங்களே கம்முனு இருக்கறாங்க. உங்களுக்கு எதுக்குங்க வலிக்குது?"

"நீங்க கடைசியா அக்கா ஊட்டுல எப்பங்க தண்ணி குடிச்சீங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார் போலிருக்கிறது. சட்டென்று எழுந்து வரப்பில் இறங்கி நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"வா கண்ணு" என்று அக்கா எழுந்தார். என்னையும் கூடப் பார்த்ததும் முகம் மாறியது.

"அக்கா, தண்ணி குடு."

அவர் கேன் பக்கம் திரும்பினார்.

"அது வேண்டாம். கெணத்துத் தண்ணி."

"அது எதுக்கு மாப்பிள்ளை, எளநி வெட்டறேன் இருங்க" என்று கந்தசாமி அரிவாளைத் தேடினார். செந்தில்நாதன் நிற்கவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு தானே தொட்டிக்குப் போய்ப் பிடித்தார். வாய்க்குக் கொண்டுபோகும்போது அக்கா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்குப் போயி இதை எப்படிக் கண்ணு குடுப்பேன்?"

டம்ளர் சாய்ந்து தண்ணீர் இருவர் கையிலும் வழிந்தது. பிறகு செந்தில்நாதன் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "எழுதிப்போடுங்க மேடம். உள்ளதை எழுதுங்க. நாந்தான் எழுதச் சொன்னேன்னும் சேத்து எழுதுங்க."

அந்தக் கடைசி வாக்கியம் யாருக்காக என்று அக்காவுக்குப் புரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு

நல்லவனுக்கு உடனே நல்லது நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை. பையர் உண்மையைப் பாராட்டி ஒரு அழகான மெயில் அனுப்பினார். கூடவே ஆர்டரில் பாதியை வேறொரு மில்லுக்கு மாற்றினார். அந்த மில்லிலும் மண் குட்டைதான். அங்கே ஆடிட் செய்தவர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகவில்லை.

செந்தில்நாதன் இரண்டு வருஷம் திண்டாடினார். கழுவும் இடத்துக்குக் கான்கிரீட் போட்டு, தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, சுத்தம் செய்து, திரும்பப் பயன்படுத்த ஏற்பாடு செய்தார். மண் குட்டையை மூடினார். மெல்ல மெல்ல ஆர்டர் திரும்பியது. நடுவில் ஒருநாள் போனில் என்னைக் கன்னாபின்னாவென்று திட்டவும் செய்தார். கேட்டுக்கொண்டேன்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு என் பதில் இதுதான். சட்டம் படியுங்கள், பொருளாதாரம் படியுங்கள், ஏதாவது ஒன்றை ஒழுங்காகப் படியுங்கள். ஆனால் நம் ஊரில் குறையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், அதிலும் வெளியாளிடம், அதிலும் சொந்தத்தைப் பற்றி. 'ஒண்ணும் இல்லீங்க' என்ற பதிலை அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். நான் இப்போதெல்லாம் மில்லுக்குள் நுழையும் முன் பக்கத்து வீட்டில் ஏறி, தண்ணீர் கேட்கிறேன்.

போன மாதம் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு வேலை. செந்தில்நாதன் முருகேசனோடு காரை அனுப்பினார். வழியில் அக்கா வீட்டில் நிறுத்தச் சொன்னேன். வாசலேறி உட்கார்ந்ததும் ருக்குமணி ஒரு சொம்பைக் கொண்டுவந்து நீட்டினார்.

"கெணத்துத் தண்ணிதானுங்க அம்மணி. இன்னும் லேசாக் கரிக்கும். குடிக்கலாமுங்க."

லேசாகக் கரிக்கத்தான் செய்தது. அண்ணாந்து பாதிச் சொம்பைக் குடித்தேன். முருகேசன் கை நீட்டி அந்தச் சொம்பையே வாங்கி மீதியைக் குடித்தார்.