பந்துசேன ருசி பார்த்த கப்சூல்

கரந்தெனியப் பக்கம் கறுவாப்பட்டை உரிக்கிறவர்களுக்குள் பந்துசேனவின் நாக்குக்குத் தனி மரியாதை இருந்தது. ஒரு துண்டை முன்பல்லில் கடித்தாரென்றால், எந்த மேட்டில் வளர்ந்தது, மழைக்கு முன் வெட்டியதா பின் வெட்டியதா என்று சொல்லிவிடுவார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. எங்கள் வாடிக் கொட்டகையில் பட்டை உரிக்கும் பதினைந்து பேரில் அவரோடு சேர்த்து ஆறு பேருக்கு அதே வருத்தம் இருந்தது.

அந்த வருடம் டொக்டர் இமேஷா ஓர் ஆராய்ச்சிக்காக ஊருக்கு வந்தார். கறுவாத் தூள் அடைத்த கப்சூல் சீனியைக் குறைக்கிறதா என்று மூன்று மாதம் பார்ப்பதாக ஏற்பாடு. பாதிப் பேருக்கு அசல் தூள், மற்றவர்களுக்குக் கறுவாவே இல்லாத வெறும் மாத்தூள். யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது.

"கிளினிக்கில தாற சீனிக் குளிசைய ஒரு நாளும் விடக்கூடாது. இது அதோட சேர்த்துப் போடுறது மட்டும்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கப்சூலைப் பிரித்துப் பார்ப்பதில்லை என்று ஆறு பேரும் கையெழுத்து வைத்தார்கள்.

மூன்றாம் நாளே பந்துசேன தன்னுடையதைப் பிரித்துவிட்டார். எல்லாப் போத்தலிலும் கறுவா மணக்கிற மாதிரித்தான் செய்திருந்தார்கள். மூக்கு ஏமாந்தது. நாக்கு ஏமாறவில்லை. அவருக்குக் கிடைத்தது மா. வீட்டில் மனைவியிடம்கூட அதைச் சொல்லவில்லை.

அடுத்த பாயில் உட்கார்ந்து உரிப்பவள் யசவதி. நாற்பத்தாறு வயது, வாயாடி. அவளும் அந்த ஆறு பேரில் ஒருத்தி. ஒரு காலை, ஒரு கப்சூலைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"பந்து அண்ணே, இது எதெண்டு பாத்துச் சொல்லுங்க."

"கையெழுத்து வெச்சிட்டமே, தங்கச்சி."

"கையெழுத்து வெச்சது கைதானே? நாக்கு எங்க வெச்சது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு கப்சூலைப் பிரித்து நுனிநாக்கில் தொட்டார். மெல்லிய இனிப்பு, பின்னாலேயே காரம்.

"உனக்கு அசல். நல்ல பட்டை."

யசவதியின் முகம் மலர்ந்தது. கிளினிக் குளிசை வயிற்றைக் குமட்டுகிறது என்று அவள் எப்போதும் புலம்புவாள். அந்த வாரமே அதை நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் கவனித்தது பந்துசேனதான். பத்து மணிக்குள் மூன்று போத்தல் தண்ணீர் குடித்தாள். அரைமணிக்கு ஒருதரம் பின்பக்கம் எழுந்து போனாள். சட்டை தோளில் தொங்கியது. "மெலிஞ்சு குமரி மாதிரி ஆயிட்டன், பாருங்க" என்று சிரித்தாள். கத்தி பட்ட பெருவிரல் காயம் ஆறாமல் மஞ்சளித்து வீங்கியிருந்தது.

"குளிசை போடுறியா, யசவதி?"

"போடுறன், போடுறன். உங்களுக்கு வந்தது மாவாத்தான் இருக்கும், அதுதான் பொறாமை!"

அன்று மாலை பந்துசேன டொக்டர் இமேஷாவின் இலக்கத்தைத் தொலைபேசியில் எடுத்தார். அழுத்தவில்லை. சொன்னால் தான் செய்ததும் வெளியே வரும். மறுநாளும் எடுத்தார், மறுநாளும் வைத்தார். மூன்று வாரம் இப்படியே போயிற்று. இன்னும் ஒரு வாரத்தில் எப்படியும் எல்லோருக்கும் இரத்தம் சோதிப்பார்கள், அப்போது தெரிந்துவிடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அந்த ஒரு வாரம் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, உரித்துக்கொண்டிருந்த குச்சியோடு யசவதி பக்கவாட்டில் சரிந்தாள். உடம்பு கொதித்தது. மூச்சு வேகவேகமாக வாங்கியது, அதில் அழுகிய பழ வாசம் அடித்தது. கணவன் காமினி தன் ஓட்டோவைக் கொண்டுவந்தான். பந்துசேன அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் சீனி ஐந்நூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

"குளிசை ஒழுங்காப் போட்டாவா?" என்று இளம் டொக்டர் கேட்டார்.

"ஒரு நாளும் விடயில்ல, டொக்டர்" என்றான் காமினி.

"அப்ப ஏன் இவ்வளவு ஏறுது? வேற ஏதும் வருத்தம் இருக்கா?"

பந்துசேன சுவரோடு ஒட்டி நின்றார். திரைக்குப் பின்னால் யசவதியின் மூச்சு இரைந்துகொண்டிருந்தது. அவளுக்கு ஏதும் ஆகிவிட்டால் இந்தச் சுவரோடேயே நிற்கவேண்டியதுதான் என்று நினைத்தார். திடீரென்று வாய் திறந்தது.

"குளிசைய விட்டுட்டாள்போல, டொக்டர். கப்சூல் அசலெண்டு நான்தான் சொன்னன்."

காமினி திரும்பிப் பார்த்தான். அடிக்கப் போகிறான் என்றே பந்துசேன நினைத்தார். அவன் அடிக்கவில்லை, வீட்டுக்கு ஓட்டோவை விரட்டினான். அரிசிப் பானைக்குப் பின்னால் நான்கு கிளினிக் குளிசைப் பொட்டலங்கள் பிரிக்காமல் கிடந்தன. அப்படியே கொண்டுவந்து டொக்டரின் மேசையில் போட்டான்.

மூன்று நாள் யசவதி கண்திறந்து பேசவில்லை. பெருவிரலின் நுனியை வெட்டி எடுத்தார்கள். பதினோராம் நாள் வீட்டுக்கு விட்டார்கள்.

டொக்டர் இமேஷா வாடிக்கு வந்து, வாடிக்காரர் ஆறு பேரின் பெயரையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்தார். இலவசச் சோதனை போய்விட்டதென்று மற்றவர்கள் பந்துசேனவை ஏசினார்கள். டொக்டர் ஏசவில்லை.

"சந்தேகம் வந்த நாளே எனக்குச் சொல்லியிருக்கலாமே, மாமா" என்றார். அது ஏச்சைவிட மோசமாக இருந்தது.

மற்ற ஊர்களில் ஆராய்ச்சி தொடர்ந்தது. முடிவு வந்தபோது டொக்டர் எங்களுக்கும் வந்து சொன்னார்: கறுவா எடுத்தவர்களுக்கும் மா எடுத்தவர்களுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் மிகச் சிறியது, அதை வைத்து ஒன்றும் அடித்துச் சொல்ல முடியாது. கிளினிக்கில் பந்துசேனவுக்கு மட்டும் சீனி நன்றாக இறங்கியிருந்தது.

"மாவா குறைச்சது?" என்று அவர் அங்கே தாதியிடம் கேட்டார்.

"தேத்தண்ணியோட கருப்பட்டி கடிக்கிறத விட்டீங்களே, அது" என்றார் தாதி.

காமினி இன்றுவரை அவரோடு பேசுவதில்லை. யசவதி இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். பாயை வாடியின் மறுகோடியில் போட்டுக்கொண்டாள். கட்டையான பெருவிரலோடு கத்தி பிடிக்கப் பழக வேண்டியிருந்தது. ஒரு நாள் தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் அவர் முன்னால் நின்றாள்.

"குளிசைய விட்டது நான். அத உங்கட தலையில போடமாட்டன். ஆனா ஒரு மாசமாப் பாத்துக்கொண்டு இருந்தீங்க, அண்ணே. அத நீங்கதான் சுமக்கோணும்."

"சுமக்கிறன்" என்றார் பந்துசேன.

அவள் தண்ணீர் எடுக்கப் போனாள். அதற்குப் பிறகு யார் என்ன கொண்டுவந்து நீட்டினாலும் அவர் ருசி பார்த்துச் சொல்வதில்லை.