பீரோவுக்குப் போன சான்றிதழ்கள்

பி.எட். முடித்த கையோடு கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளிக்கு இன்டர்வியூ போனேன். கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அப்பாவும் கூட வந்தார். கரும்பு வெட்டும் கூலியை அன்றைக்கு விட்டுவிட்டு வெள்ளை வேட்டியில் வந்தார்.

உள்ளே நுழைந்ததுமே எனக்கு உறுத்தியது. எதிரே வந்த டீச்சர்களில் ஒருத்தரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. தாளாளர் பாடத்தில் ஒரு கேள்விகூடக் கேட்காமல், கல்யாணம் எப்போது என்று கேட்டார். வேலைக்கான ஆர்டர் எப்போது தருவீர்கள் என்றேன். "அதெல்லாம் எதுக்கும்மா, நம்ம ஸ்கூலு" என்று சிரித்தார். நம்ம ஸ்கூலாம்!

அப்பாவிடம் மட்டும் தேனாகப் பேசினார். "வாங்க பெரியவரே, உக்காருங்க" என்று எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, டீ வாங்கிவரச் சொன்னார். பெரிய மனிதர்கள் யார் முன்னாலும் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து டீயைக் குடித்தார். முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டெல்லாம் இங்கயே இருக்கட்டும்" என்றார் தாளாளர். திறந்திருந்த பீரோவில் யார் யாருடைய ஃபைல்களோ தூசி படிந்து கிடந்தன. ஜெராக்ஸ் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா என் மடியிலிருந்த பையை எடுத்துவிட்டார்.

"நம்ம வூட்ல மழ பேஞ்சா ஒழுவுதும்மா. சார் பீரோன்னா பத்ரமா இருக்கும்" என்று சொல்லி, இரண்டு கையாலும் நீட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், "எம் பொண்ணு டீச்சருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்த வருஷம் அரசுப் பள்ளி வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்க வரச்சொல்லி எனக்கு அழைப்பு வந்தது. ஒரிஜினலைக் கேட்டேன். "வருஷ நடுவுல வுட்டுட்டுப் போவலாம்னு பாக்கறியா? பரீட்ச முடியட்டும்" என்றார் தாளாளர். அப்பா மூன்று நாள் நடையாய் நடந்து கெஞ்சினார். சரிபார்ப்புத் தேதி தாண்டிப் போனது.

அன்றைக்கு வீட்டில் அப்பா என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"எனக்கு இன்னா தெரியும்? படிச்ச புள்ள, நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

நீ சந்தோஷமாக இருந்தாய் அப்பா, அதனால்தான் சொல்லவில்லை என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்?